தோள்பட்டைக் காந்தம்

கந்தப்பளை டவுனில் மரக்கறி மொத்தக் கடையொன்றின் மேல்மாடியில் அந்தப் பொம்மைக் கம்பனி இருந்தது. வெளிநாடுகளில் பெரிய ஆம்பிளைகள் மேசையில் பரப்பிவைத்துப் போர் விளையாடும் விரல் உயரச் சிப்பாய்களை அங்கே ஒட்டி, பெயின்ட் அடித்துத் திருப்பி அனுப்புவார்கள். பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து வரும் பெண்பிள்ளைகள்தான் வேலையாட்கள். அவர்களில் கை நடுங்காதவள் என்று பெயரெடுத்தவள் பிரியந்தி.

மகள் கொழுந்து பறிக்க மலையேறாமல், மழையில் நனையாமல் உட்கார்ந்து வேலை செய்கிறாள் என்று அவளுடைய அம்மா காளியாயிக்குப் பெருமை. மகள் எதன்மேல் பெயின்ட் அடிக்கிறாள் என்பது அம்மாவுக்குத் தெரியாது. இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு மழைக்காலத்தில் இங்கிலாந்துக்காரர் ஒருவரிடமிருந்து வந்த ஓடர் முழுக்கப் பூதங்கள். எல்லாம் அழுகிய பூதங்கள். வயிறு கிழிந்து குடல் தொங்கும், தோலெல்லாம் கொப்புளம். மஞ்சளில் கொஞ்சம் பச்சையும் வெள்ளையும் கலந்து, காய்ந்த பிறகு மேலே வார்னிஷ் தொட்டுவைத்தால் சீழ் ஈரமாகவே தெரியும். அதைக் கண்டுபிடித்தவள் பிரியந்திதான். கண்டுபிடித்த அன்று மத்தியானம் சோற்றுப் பெட்டியைத் திறந்து, பருப்பைப் பார்த்துவிட்டு மூடிவைத்தாள். கீழ்க்கடையில் கழித்துப்போட்ட கோவா இலைகள் அழுகும் நாற்றம் வேறு நாள் முழுக்கப் பலகை இடுக்கு வழியாக மேலே வந்துகொண்டிருந்தது.

அந்த ஓடரில் புதிதாக ஒரு வேலை இருந்தது. பூதங்களின் ஆயுதங்களை மாற்றிமாற்றி மாட்டவேண்டும். இன்றைக்குக் கோடரி, நாளைக்குத் துப்பாக்கி. அதற்குத் தோளிலும் கையிலும் குழி துளைத்துக் காந்தம் பதிக்கவேண்டும். எது சரிவரும் என்று பார்க்க இங்கிலாந்துக்காரர் மூன்று அளவில் காந்தம் அனுப்பியிருந்தார். மனேஜர் குணரத்தினம் அந்த வேலையைப் பிரியந்தியிடம் கொடுத்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பு முதலாளி வைத்த ஆள். கெட்டவர் என்று சொல்ல முடியாது. கொழும்பிலிருந்து போன் வந்தால் மட்டும் எழுந்து நின்று பேசுவார்.

பிரியந்தி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மிகச் சிறியது கோடரியின் பாரம் தாங்காமல் கையைத் தொங்கவிட்டது. தடித்தது தோளைத் துளைத்துக்கொண்டு முதுகால் வெளியே வந்தது. அகலமும் மெல்லிசுமாக இருந்ததுதான் பொருந்தியது. கையைக் கிட்டக் கொண்டுபோனதும் டக்கென்று ஒட்டியது. பக்கம் மாறினால் ஒட்டாமல் விலகி ஓடும் என்பதால், வெளியே தெரியவேண்டிய பக்கத்தில் சிவப்புப் பொட்டு வைத்துக்கொண்டாள். அவள் சொன்ன அளவிலேயே, எண்ணிக் கணக்காகக் காந்தம் வந்து சேர்ந்தது.

சிக்கல், அதைப் பிடிப்பதில் இருந்தது. சின்னச் சாமான்களைக் கவ்விப் பிடிக்கக் கம்பனியில் இருந்ததெல்லாம் இரும்புச் சாமணம். காந்தம் சாமணத்தோடு ஒட்டிக்கொண்டு குழிக்குள் விழ மறுத்தது. பிளாஸ்டிக் சாமணம் வேண்டுமென்று அவள் கேட்டதற்கு, முதலாளியிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்றார் மனேஜர். அது வரவில்லை. ஒரு கையில் பூதம், மறு கையில் பசை. மேசையில் வைத்தால் காந்தங்கள் ஒன்றோடொன்று பாய்ந்து ஒட்டின. அதனால் அவற்றை உதட்டில் பிடித்துக்கொள்ளப் பழகினாள். மனேஜர் அதைத் தினமும் பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

கடைசியாக, படைத் தலைவனாக இருந்த பெரிய பூதத்துக்கு வேலை செய்த அன்று கீழே லொறியில் அழுகல் ஏற்றினார்கள். நாற்றம் முகத்தில் அடிக்க, அவளுக்கு இருமல் வந்தது. உதட்டில் இருந்த இரண்டு காந்தமும் உள்ளே போய்விட்டன.

பக்கத்தில் இருந்த நாகலெட்சுமிதான் ஓடிப்போய் மனேஜரைக் கூட்டிவந்தாள். அவர் முதலில் பதறினார். மூச்சு விட முடிகிறதா என்று கேட்டார். முடிகிறது என்று தெரிந்ததும் மேசையைப் பார்த்தார். காந்தப் பெட்டி காலியாக இருந்தது.

"பயப்பிடாதையும் பிள்ளை. ரெண்டு நாளையில தானா வெளியில வந்திடும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வந்தா கவனமாக் கழுவி எடுத்துக்கொண்டு வாரும். வேறை காந்தம் இல்லை."

பிரியந்திக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் உதட்டைப் புறங்கையால் அழுத்தித் துடைத்தாள்.

நாகலெட்சுமி யாரிடமும் கேட்காமல் அவளை பஸ்ஸில் ஏற்றி நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டும் ஒன்றாக ஒட்டி இரைப்பையில் கிடந்தன. ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகப் போயிருந்தால் குடலை நடுவில் நசுக்கி ஓட்டை போட்டிருக்கும் என்று டாக்டர் சிங்களத்தில் விளக்கினார். வார்டில் ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார். வெளியே வந்துவிட்டதா என்று கட்டாயம் பார்க்கச் சொன்னார். பார்த்தால் போதும் என்றார்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கக்கூஸ் நான்கு வீட்டுக்குப் பொது. அங்கே பார்க்க வழியில்லை. லயத்துக்குப் பின்னால் மரக்கறிப் பாத்திக்கு அப்பால் பழைய பேப்பரை விரித்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, குச்சியால் கிளறினாள். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் சிவப்புப் பொட்டு தெரிந்தது. ஒரு ஆணியை நீட்டினாள். இரட்டைக் காந்தம் அப்படியே அதில் வந்து ஒட்டியது. பிழைத்தோம் என்ற எண்ணம்கூட வரவில்லை. ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். பிறகு டெட்டோல் ஊற்றி, சவர்க்காரம் போட்டு, விரல் தோல் சுருங்கும்வரை கழுவினாள். அங்கேயே வீசிவிட்டு வந்திருக்கலாம். வேலை போய்விடுமோ என்ற பயம் வீசவிடவில்லை.

மறுநாள் ஒரு சின்னப் பெட்டியில் போட்டுக் கம்பனிக்குக் கொண்டுபோனாள். மனேஜர் பெட்டியை எட்ட நின்று பார்த்துவிட்டு, அவளையே பதிக்கச் சொன்னார். பதித்தாள். அவள் தொட்ட தூரிகையை யாரும் தொடவில்லை. தேத்தண்ணி வந்தபோது அவளுடைய கோப்பை மட்டும் தனியாக ஜன்னலில் இருந்தது. ஒருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் கதிரையைத் தள்ளிப்போட்டு உட்கார்ந்தாள். நாகலெட்சுமி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தாள். ஆனால் அவளும் அன்றைக்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை.

சாயங்காலம் பொதி கட்டினார்கள். மற்றப் பூதங்களை வெறுங்கையால் எடுத்து அடுக்கிய மனேஜர், தலைவன் முறை வந்ததும் டிஷ்யூ ஒன்றை இழுத்து, அதனால் சுற்றிப் பிடித்துத் தூக்கினார். முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டார்.

பிரியந்தி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆணியில் ஒட்டியதைப் பார்த்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு அருவருப்பு வரவில்லை.

"கையால தொட மாட்டீங்களா சார்?" என்று கேட்டாள்.

"பெயின்ட் ஒட்டும் பிள்ளை, அதான்."

"அது காஞ்சி நாலு நாளாச்சிங்க."

அவள் எழுந்து போய் அவர் கையிலிருந்த பூதத்தை வாங்கினாள். கோடரிக் கையைக் கழற்றினாள். கத்தி முனையால் தோளிலும் கையிலும் இருந்த காந்தங்களைக் கெல்லி எடுத்தாள். பெயின்ட் உரிந்தது. பசை உடைந்து தெறித்தது. யாரும் தடுக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கீழே சாக்கடைக் கானில் காந்தங்களை வீசிவிட்டு, பூதத்தை டிஷ்யூவிலேயே திருப்பி வைத்தாள்.

"நான் தேடி எடுத்தது உங்களுக்காகத்தாங்க சார். நீங்க தொட மாட்டீங்கன்னா எனக்கும் அது வேணாம்" என்றாள்.

படியிறங்கியபோது பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மரியாதையாலா, அருவருப்பாலா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பூதத்தின் கோடரிக் கையை அசையாமல் ஒட்டி அனுப்பிவிட்டதாகவும், அடுத்த மாதம் பிளாஸ்டிக் சாமணம் வந்துவிட்டதாகவும் நாகலெட்சுமி வந்து சொன்னாள். திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்றாள். பிரியந்தி போகவில்லை. காளியாயி இரண்டு நாள் திரும்பிப்போகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கொழுந்து பறிக்கும்போது கட்டும் தன்னுடைய பழைய சாக்குப் படங்கை எடுத்து மகளின் இடுப்பில் கட்டிவிட்டாள்.

மலையில் அட்டை அதிகம். முதல் நாள் வெயில் ஏறுவதற்குள் கெண்டைக்காலில் நாலைந்து ஏறி, ரத்தம் குடித்து உப்பிக் கிடந்தன. பக்கத்து நிரையில் நின்றவள் உப்புத் துணியை நீட்டினாள். பிரியந்தி வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, விரலால் ஒவ்வொன்றாக வழித்துச் செடிக்குள் எறிந்தாள். கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு கொழுந்தைக் கிள்ளத் தொடங்கினாள்.