மஸூதாவின் மறதி

மாத்தளை டவுனில் முத்தலிப்பின் மிளகுக் கடைக்கு அவர் மனைவி மஸூதாவின் ஞாபகம்தான் பலம். பல்லேபொலையிலிருந்து யாருடைய மூட்டை எப்போது வந்தது என்று கேட்டால், அடுப்படியில் இருந்தபடியே சொல்லிவிடுவாள்.

முப்பத்து மூன்று வயதில் வயிற்றில் கட்டி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கருமுட்டை தரும் இரண்டு சூலகங்களையும் எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது. ஆனால் வீடு திரும்பிய சில வாரங்களில் உடம்பு திடீர் திடீரென்று நெருப்பாய்க் காந்தியது. தூக்கம் போனது. பிறகு பேர்கள் நாக்கு நுனிவரை வந்து நழுவின. அஸர் தொழும்போது சுற்றுக் கணக்குத் தவறி, மூன்றாம் ரக்அத்தா நான்காம் ரக்அத்தா என்று தெரியாமல் பாயிலேயே அழுதாள்.

ஒரு நாள் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்ததையே மறந்தாள். கூரை கருகியது. முத்தலிப் சமையலைத் தன் தங்கை மஸீஹாவிடம் கொடுத்தார். ஊர் வாய்க்குப் பயந்து, தெருக்கதவையும் வெளியே பூட்டத் தொடங்கினார்.

“எனக்குப் பைத்தியமில்ல. ஒப்பரேசனுக்குப் பொறகுதான் இப்பிடி,” என்றாள்.

“டொக்டர்கிட்டயே கேப்போம்,” என்று கூட்டிப்போனார்.

ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் பக்கத்தில் இருந்தவள் சுந்தரம்மா, தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள். “எனக்கும் அதே ஒப்பரேசன்தாம்மா. கூட நிக்கிறவ பேரே வர மாட்டேங்குது. பேய்னு சொல்லி வேப்பிலை அடிச்சாங்க,” என்றாள். மஸூதா அவள் கையை விடவேயில்லை.

உள்ளே டொக்டர் முத்தலிப்பிடம் மட்டும் சிங்களத்தில் பேசினார். வயிற்றுக்கும் தலைக்கும் சம்பந்தமில்லையாம், பிள்ளையில்லாத கவலையாம். மஸூதாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். வெளியே இன்னொருத்தி இருக்கிறாள், அவளையும் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று அதே சிங்களத்தில் கெஞ்சினாள். டொக்டர் சிரித்தபடி தூக்க மாத்திரை எழுதினார். அவர்கள் வெளியே வந்தபோது வாங்கு காலியாக இருந்தது.

முத்தலிப் அவளைப் பஸ்ஸில் கூட்டிவந்தார். வீட்டு வாசலில் நின்று கேட்டார்: “அந்தப் பொம்பளைக்கும் நெசமாவே இப்பிடியா?”

“ஓங்க. அவட ஊட்டுக்காரர்கிட்டயும் போய்க் கேளுங்க.”

“எந்தத் தோட்டம்?”

சுந்தரம்மாவின் அறுந்த காது, காய்த்துப்போன உள்ளங்கை, எல்லாம் கண்ணில் நின்றன. தோட்டத்தின் பேரை அவள் சொல்லியிருந்தாள். “இருங்க… சொல்றேன்…”

அவர் உண்மையாகவே வெகுநேரம் காத்திருந்தார். கடைசியில் அவள் முகத்தைப் பாராமல், “கடைக்கு நேரமாச்சு,” என்றார்.

வெளியே பூட்டு விழுந்தது. மஸூதா கதவில் சாய்ந்து, தெரிந்த தோட்டங்களின் பேர்களை ஒவ்வொன்றாய்ச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள்.