கடைசியாக விட்ட இடம்

வாரண்டி முடிந்த அதே வாரத்தில், ஒரு மாலை, முன்னறையில் இருந்த ஸ்டீரியோ செட்டு ‘டப்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டது. அப்போது அதிலிருந்து பேசிக்கொண்டிருந்தது, எதிரில் தனியாக உட்கார்ந்திருந்த அவளுடைய குரல்தான். “என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று தொடங்கிய குரல், சொல்ல வேண்டியதைச் சொல்வதற்குள் அறுந்துபோனது.

அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று நாள் முழுக்கச் சொல்வது வேலை. புதிதாக எதையாவது அறிவிக்க வேண்டுமென்றால் முதலில் பதிவு செய்து, கேட்டு, இடறும் இடத்தைத் திருத்தி, மறுபடி பதிவு செய்வாள். இந்தத் தொழில் பழக்கம் மெல்ல மெல்ல வீட்டுக்குள்ளும் வந்து பாய் விரித்துக்கொண்டது. நாத்தனார் கூப்பிட்ட விருந்துக்கு வர முடியாது என்று சொல்வதற்குக்கூட ஒருமுறை செட்டின் முன் உட்கார்ந்து ஒத்திகை பார்த்திருக்கிறாள். செட்டில் மைக் செருகலாம். ஒரு பொத்தானை அமுக்கினால், முகப்பில் நகத்தளவு துருத்திக்கொண்டிருக்கும் பென்டிரைவில் பேச்சு பதிவாகிவிடும். எல்லாவற்றையும் கேட்டு முடித்ததும் மொத்தமாக அழித்துவிடுவாள். இந்த முறை அழிப்பதற்குள் செட்டு முந்திக்கொண்டது.

சொல்ல வேண்டியது இதுதான். தொலைவில் ஒரு நகரத்தில் புதிதாகப் பெரிய நிலையம் திறக்கிறார்கள். அதன் அறிவிப்புகளையெல்லாம் பதிவு செய்யவும், அங்கே வேலைக்குச் சேர்பவர்களுக்குப் பேசப் பழக்கவும் அவளைக் கேட்டார்கள். ஒன்றரை வருடம். மேலதிகாரி போனில் கேட்டு முடிப்பதற்குள் அவள் நாக்கு “வரேங்க சார்” என்று சொல்லிவிட்டது. வாழ்நாளில் எந்த ஒத்திகையும் இல்லாமல் அவள் சொன்ன ஒரே வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

அதைக் கணவனிடம் சொல்வதுதான் மலையாக இருந்தது. அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். கல்யாணமான புதிதில் அவனுடைய முதலாளி வேறு ஊரில் கிளை திறந்து, அதை நீயே பார்த்துக்கொள் என்றார். அவள் அழுதாள். தெரியாத ஊரில் என்னால் இருக்க முடியாது என்று தலையணை நனைய அழுதாள். அவன் மறுநாள் காலையில் முதலாளியிடம் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தான். அதன் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுத்ததே இல்லை. சண்டையில்கூட எடுத்ததில்லை. எடுத்திருந்தால் இப்போது அவளுக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அவனுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டான், பேச்சை நிறுத்திவிடுவான். வீட்டில் விளக்கு எரியும், அடுப்பு எரியும், ஆனால் கடலுக்கடியில் குடியிருப்பதுபோல இருக்கும். அந்தக் கடலுக்குப் பயந்துதான் அவள் இத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றில் அழுதாள், ஒன்றில் நியாயம் பேசினாள். ஒன்றில் சிரித்துக்கொண்டே சொல்லிப் பார்த்து, அது பேருந்து ரத்தானதை அறிவிப்பதுபோல இருக்கவே பாதியில் விட்டாள்.

செட்டு ஊமையான அன்று அவளுக்கு உள்ளூர நிம்மதிதான். பென்டிரைவைப் பிடுங்கி எடுத்திருக்கலாம். ஆனால் பேசாத பெட்டி யாரைக் காட்டிக்கொடுக்கப் போகிறது? கம்பெனிக்காரர்களுக்குப் போன் செய்தபோது, வாரண்டி முடிந்துவிட்டது, போர்டையே மாற்ற வேண்டும், அதற்குப் பதில் புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்றார்கள். “தேதி பார்த்துச் சாகுது பாரு, படிச்ச பெட்டி” என்றான் கணவன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று அவள் நினைத்தாள். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான்.

இரண்டு நாள் கழித்து, கூண்டுக்குள் இருந்தபோது நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. நாத்தனார் கணவனுக்கு மூத்தவர். எல்லார் வீட்டுப் பழுதுக்கும் கைவசம் ஓர் ஆள் வைத்திருப்பவர். தன் வீட்டுக்கு எதிரிலேயே ரிப்பேர்க் கடை இருக்கும்போது எதற்குக் கம்பெனி என்று தம்பியை விரட்டியதாகவும், அவனும் செட்டைப் போர்வையில் சுற்றி, பிள்ளையைத் தூக்கிவருவதுபோலத் தூக்கி வந்து கொடுத்துவிட்டுப் போனதாகவும் சொன்னார்.

“ஆள் கெட்டிக்காரன்தான். ஆனா எப்பக் கேட்டாலும் நாளைக்கும்பான். அவன் பேரே எங்க தெருவுல ‘நாளைக்கு’தான். ஆமா, ஏன் சத்தத்தையே காணோம்? லைன்ல இருக்கியா?”

“இருக்கேன் அண்ணி. பென்டிரைவோடவா குடுத்தாரு?”

“அதெல்லாம் எனக்கென்ன தெரியும்? அப்படியே குடுத்தான்.”

போனை வைத்தாள். அந்தச் செட்டுக்கு ஒரு குணம் உண்டு. எப்போது உயிர் கொடுத்தாலும், யாரும் கேட்காமலே, கடைசியாக விட்ட இடத்திலிருந்து தொடங்கும். வாங்கிய புதிதில் அந்த வசதியைத்தான் கணவன் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னான். ஒரு தெரு நிறையக் கடைகள், எதிர்வீட்டு ஜன்னலில் நாத்தனார், நடுவில் அவளுடைய குரல். அந்தப் படம் கண்முன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மைக்கை அமுக்கி, இரண்டாம் நடைமேடைக்கு வரும் வண்டியை ஐந்தாம் நடைமேடைக்கு அனுப்பினாள். மூட்டையும் குழந்தையுமாக ஒரு கூட்டம் அந்தப் பக்கம் ஓடி, பிறகு இந்தப் பக்கம் ஓடி வந்தது. கண்ணாடிக்கு வெளியே ஒரு பெரியவர் நின்று மூச்சு வாங்கியபடி, “எங்களை வச்சு ஓட்டப் பந்தயம் நடத்துறியாம்மா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலை கணவன் வந்ததும், அவள் கேட்பதற்கு முன்னாலேயே, “நாளைக்குன்னுட்டான்” என்றான்.

மறுநாள் கொஞ்சம் தாமதமாக வந்தான். ஏதோ ஒரு பார்ட் கிடைக்கவில்லையாம், நாளைக்கு வருமாம் என்றான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மாட்டியதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் இதற்கும் மனதுக்குள் ஓர் ஒத்திகை முடித்து வைத்திருந்தாள்.

“அந்தப் பென்டிரைவ மட்டும் வாங்கிட்டு வந்துடுங்களேன். ஆபீஸ்ல ஒரு பதிவு போடணும்.”

“அதுல நம்ம பாட்டுதானே இருக்கு?”

“ஆமா, பாட்டுதான்.”

கடையில் கண்ணாடி மாற்றிப் போட்டு எழுத்துகளைப் படிக்கச் சொல்லும்போது பார்ப்பானே, அப்படி ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு, சரி, கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிக் குளிக்கப் போனான்.

அதற்கடுத்த நாளும் நாளைக்கு. அதற்கடுத்த நாளும் அதே. பென்டிரைவைப் பற்றிக் கேட்டால், அட, மறந்துட்டேன் என்றான். அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செட்டு இருந்த இடத்தில் தூசி ஒரு சதுரத்தை மட்டும் விட்டுவிட்டுப் படிந்திருந்தது. நாத்தனார் போன் செய்யும்போதெல்லாம் அவர் பேசுவதைக் கேட்காமல், பின்னால் தெருவில் என்ன சத்தம் கேட்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். இன்று இரவு சொல்லிவிடலாம் என்று காலையில் முடிவெடுப்பாள். இரவானதும், செட்டு வந்துவிடட்டும், அழித்துவிட்டு நிதானமாகச் சொல்லலாம் என்று மாற்றிக்கொள்வாள். மடியில் கனம் இருப்பவளுக்கு வழியெல்லாம் பயம்.

கடைசியில் பொறுக்க முடியாமல், மதிய இடைவேளையில் சக ஊழியரிடம் மைக்கை ஒப்படைத்துவிட்டு, தானே அந்தத் தெருவுக்குப் போனாள். நாத்தனார் மதியம் தூங்குகிறவர் என்பது தைரியம். ஆனாலும் எதிர்வீட்டு ஜன்னலுக்கு முகம் காட்டாமல் சுவரோரமாகவே நடந்தாள். தெருமுனையிலேயே ஒரு பெண் குரல் கேட்டு நின்றுவிட்டாள். நெருங்கியதும் அது வானிலைச் செய்தி என்று தெரிந்தது. நாளை மழைக்கு வாய்ப்பிருப்பதாக யாருடைய ரேடியோவோ சொல்லிக்கொண்டிருந்தது. போன உயிர் திரும்பி வந்தது.

கடை என்பது ஒரு சுவருக்கும் இன்னொரு சுவருக்கும் இடையே கிடைத்த சந்துதான். வயிறு கிழிந்த ஸ்பீக்கர்கள், மூடி கழற்றிய ஆம்ப்ளிஃபயர்கள், நடுவில் ஒரு விளக்கு, விளக்குக்குக் கீழே வழுக்கைத் தலை. வாசலை ஒட்டி ஜிப்பும் பையும் தைத்துத் தரும் அம்மாள் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ஒரு செட்டு குடுத்திருந்தோம். கறுப்புக் கலர். பார்ட் வந்துடுச்சான்னு கேட்டுட்டுப் போக வந்தேன்.”

மிஷின் நின்றது. வழுக்கைத் தலை நிமிர்ந்தது. இரண்டு பேரும் அவளை, வெகுநாள் கழித்து வந்த சொந்தக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

“நீதானாம்மா அது?” என்றார் தையல்கார அம்மாள். “குரலக் கேட்டதுமே தெரிஞ்சுடுச்சு. தப்பா நினைச்சுக்காதம்மா, எனக்கு அந்த மூணாவது தடவ சொன்னதுதான் பிடிச்சுது. அழாம, இழுக்காம சொன்ன பாரு, அது.”

அவள் வாசல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். ரிப்பேர்க்காரர் அவசரமாக ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

அவர் சொன்னதிலிருந்து தெரிந்தது இவ்வளவுதான். ரிப்பேர் முடித்த எந்தச் செட்டையும் அவர் உடனே கொடுப்பதில்லை. ஒரு பகல் முழுக்க ஓட விடுவார். பாட்டுக்குள் சின்னக் கரகரப்பு ஒளிந்துகொள்ளும், பேச்சில் ஒளிய முடியாது என்பதால் பேச்சுத்தான் ஓட விடுவார். இந்தச் செட்டில் தேடவே வேண்டியிருக்கவில்லை. மின்சாரம் கொடுத்ததும் அதுவாகவே பேசத் தொடங்கிவிட்டது. முதலில் நாடகம் என்று நினைத்தாராம். சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் ஓட்டினாராம், இந்த அம்மாளைத் தவிர யார் காதிலும் விழுந்திருக்காது என்றார்.

“பார்ட்டெல்லாம் ஒண்ணும் வரவேண்டியதில்லம்மா. ஒரு ஜாயின்ட் விட்டுப் போயிருந்தது, ஈயம் வச்சேன், சரியாப் போச்சு. மறுநாளே முடிஞ்சுது.”

“மறுநாளேவா? அப்ப ஏன் தரல?”

அவர் துடைக்கத் தேவையில்லாத மேசையைத் துடைத்தார்.

“உங்க வீட்டுக்காரர் மறுநாள் சாயந்தரமே வந்தாரு. செட்டு பேசிக்கிட்டிருந்தது. நிறுத்தப் போனேன், வேணாம்னுட்டாரு. நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே ஸ்டூல்லதான் உக்காந்தாரு. முழுசாக் கேட்டாரு. முடிஞ்சதும் இன்னொரு தடவ போடச் சொன்னாரு. அப்புறம், இங்கேயே இருக்கட்டும், நான் சொல்றப்போ குடுங்கன்னு எழுந்து போயிட்டாரு. தினம் வந்து எட்டிப் பார்ப்பாரு. எடுத்துட்டுப் போங்க சார்னா, நாளைக்குன்றாரு.” அவர் குரலில் மெல்லிய மனக்குறை இருந்தது. “ஊரே என்னை நாளைக்கு நாளைக்குன்னு கேலி பண்ணுது. ஆயுசுல ஒரு தடவ சொன்ன தேதிக்கு முடிச்சேன், அதுக்கு இப்படி.”

அவள் அந்த மறுநாள் மாலையை நினைத்துப் பார்த்தாள். தாமதமாக வந்தது. ஆணியில் சட்டை. அதுல நம்ம பாட்டுதானே இருக்கு? ஆமா, பாட்டுதான். கேள்விக்குப் பின்னால் அவன் நின்றிருந்த இடம் இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கதவை அவளுக்காகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். அவள் அதைச் சாத்திவிட்டு வந்திருக்கிறாள்.

“கோபமா இருந்தாராண்ணே?”

“நான் வேலையப் பார்த்துட்டிருந்தேன்மா, முகத்தப் பார்க்கல.”

“நான் பார்த்தேன்” என்றார் தையல்கார அம்மாள். கொஞ்சம் யோசித்தார். “என்னன்னு சொல்றது? பஸ்ஸ விட்டவங்க உக்காந்திருப்பாங்க பாரு, அந்த மாதிரி.”

அவள் ஆபீசுக்குப் போன் போட்டு மீதி நாளுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, செட்டை அதே போர்வையில் சுற்றி வாங்கிக்கொண்டாள். வண்டியில் வரும்போது அது மடியில் கனத்தது. கிளம்பும்போது நாத்தனார் வீட்டு ஜன்னல் திறந்திருந்ததா என்று திரும்பிப் பார்க்கவும் தோன்றவில்லை. வீட்டில் தூசி படியாத சதுரத்தில் அதை வைத்து, வயர்களைப் பொருத்தி, அது வாய் திறப்பதற்குள் சத்தத்தை முழுக்கக் குறைத்தாள். பென்டிரைவ் அதே இடத்தில் இருந்தது. இனி அழித்து என்ன ஆகப்போகிறது? தொடாமல் விட்டாள். பிறகு, கணவன் வரும்வரை என்ன சொல்வது என்று வார்த்தைகளைக் கோத்துப் பார்த்தாள். கோக்கக் கோக்க எல்லாம் நழுவி விழுந்தன. மூன்றாவது தடவை சொன்னது என்னவென்றே நினைவுக்கு வரவில்லை.

சாவி திரும்பியது. உள்ளே வந்தவன் செட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

“நீயே போயிட்டியா?”

“போனேன். பாட்டுதான்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். நான் போறேன்னு சொல்லிட்டேங்க. உங்களக் கேட்காமச் சொல்லிட்டேன். அன்னிக்கு எனக்காக நீங்க போகல. இப்ப நான் போறேங்கறேன். இத எந்த வாயால சொல்றதுன்னு தெரியல. ஆனா எனக்குப் போகணும். அங்க தனியா இருக்கணுமேன்னு பயமா இருக்கு, ஆனாலும் போகணும்.”

பயமாக இருக்கிறது என்பது எந்தப் பதிவிலும் இல்லாத வார்த்தை. அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். அவள் கடல் ஏறி வருவதை எதிர்பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சமையலறையில் குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. அவன் வந்து, அவளுக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

“தினம் அந்தக் கடைக்குப் போகும்போது, இன்னிக்கு நீ சொல்லிடுவேன்னு நினைச்சுட்டுப் போவேன்” என்றான். “ரிப்பேர்க்காரனுக்குத் தெரியும், ஜிப்பு தைக்கிற அம்மாவுக்குத் தெரியும். அவங்க ரெண்டு பேரும் என்னைப் பார்த்துப் பாவப்பட்டாங்க.”

அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“எனக்கும் சொல்ல இருக்கு” என்றான் அவன். “நல்லதும் இருக்கும், நல்லா இல்லாததும் இருக்கும். அந்தக் கிளைய விட்ட கதையும் இருக்கு. நான் ஒத்திகை எதுவும் பார்க்கல. தடுமாறும்.”

முன்னறையில் செட்டின் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் எழுந்து போய், அதன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். பிறகு, இத்தனை வருடத்தில் முதன்முறையாக, தடுமாறிக்கொண்டே பேச ஆரம்பித்தான்.