ஸீனஸ் விட்மோர் சாகலாமா

எங்கள் சபையில் உரைக்கப்பட்ட தீர்க்கதரிசனம் ஒன்றுகூட இதுவரை தரையில் விழுந்ததில்லை. விழுவதுபோலத் தெரிந்தால் யாராவது குனிந்து எடுத்து, தூசி தட்டி, வேறொரு விளக்கத்தோடு அலமாரியில் வைத்துவிடுவோம். பதினாறு வருஷமாக நான்தான் சபை எழுத்தர். அந்த அலமாரியின் சாவி என்னிடம் இருக்கிறது.

ராஜாக்கள் முன்பாக நிற்பாய் என்று ஆசீர்வதிக்கப்பட்ட பிரதர் காடர்ட், ஊழியத்துக்காகத் தீவுகளுக்குப் போனபோது துறைமுகக் கூட்டத்தில் நின்று ஹவாய் ராஜாவின் குடையைப் பார்த்தார். நிறைவேறியது. துப்பாக்கிக் குண்டு உன்னைத் தொடாது என்று வாக்குப் பெற்ற இன்னொருவரைக் கோவேறு கழுதை உதைத்துக் கொன்றது. அட்சரம் பிசகாமல் நிறைவேறியது. சீயோனில் திரளானவர்களுக்குத் தாயாவாய் என்று சொல்லப்பட்ட சிஸ்டர் ஃபீபிக்குப் பிள்ளையே பிறக்கவில்லை. ஆனால் ஊரில் பாதிப் பிரசவம் அவர் கையால் நடந்தது. அதையும் நிறைவேறிய கணக்கில் எழுதச் சொன்னார்கள், எழுதினேன். ஃபீபியை யாரும் கேட்கவில்லை.

ஸீனஸ் விட்மோர் விஷயத்தில்தான் எங்களுக்குக் குனிய இடமில்லாமல் போயிற்று.

ஸீனஸுக்கு இருபத்துநாலு வயதாக இருந்தபோது, ஒஹாயோவில், சபையில் ஆசீர்வாதம் உரைக்கும் மூப்பரான கோத்திரப்பிதா அவர் தலையில் கைவைத்துச் சொன்னதைப் பக்கத்திலிருந்த எழுத்தர் எழுதிக் கொடுத்திருந்தார்: ‘கர்த்தர் மேகங்கள்மேல் வருவதை உன் மாம்சக் கண்களால் காண்பாய், அதுவரைக்கும் மரணத்தை ருசிபார்ப்பதில்லை.’ மடிப்பு மடிப்பாகக் கிழிந்து துணியில் ஒட்டப்பட்ட அந்தத் தாளோடுதான் அவர் சமவெளிகளைக் கடந்து வந்தார். நாங்கள் இங்கே வந்து குடியேறிய நாளுக்காக வருஷந்தோறும் நடக்கும் ஜூலை இருபத்துநாலு ஊர்வலத்தில் முதல் வண்டியில் அவரை உட்காரவைப்போம். சாகாத மனுஷர் என்று பிள்ளைகள் ஓடிவந்து அவர் கோட்டைத் தொட்டுவிட்டுப் போகும். அவர் ஊர்வலம் முடியும்வரை தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்போது அவருக்கு எழுபத்தெட்டு. செப்டம்பரில் இடது கால் விரல்கள் கறுத்தன. அக்டோபரில் முழங்கால்வரை ஏறிவிட்டது.

1890 அக்டோபர் பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்த கையோடு, அவர் மகள் தாமாரின் வீட்டு முன்னறையில் நாலு பேர் உட்கார்ந்தோம். பிஷப் ஓர்வில் பெக். அவருடைய ஆலோசகர்கள் இருவர்: டென்மார்க்கிலிருந்து வந்த கொல்லர் ஓவர்கார்ட், பள்ளிக்கூட வாத்தியார் டில்லட்ஸன். பிறகு, பதிவேட்டோடு நான். ஸீனஸ் பக்கத்து அறையில் கிடந்தார். கதவைச் சாத்தியிருந்தோம். வாடையும் முனகலும் கதவை மதிக்கவில்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிழைக்கவும் முடியாமல் சாகவும் முடியாமல் ஒருவர் கிடந்தால், மூப்பர்கள் அவர் தலையில் கைவைத்துக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்துவிடுவார்கள். அதற்குப்பின் ஆத்துமா இழுபறியில்லாமல் போய்விடும். பெரும்பாலும் மறுநாள் விடிவதற்குள். தாமார் கேட்டது அது ஒன்றைத்தான்.

“பிஷப், நாலு நாளா அவருக்குத் தூக்கமே இல்ல. டாக்டர் வந்து பாத்தாரு, ஒண்ணும் சொல்லாம தொப்பிய மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு. அபின் மருந்தும் தீந்துபோச்சு. ஒப்புக்கொடுத்து விட்டுருங்க.”

“எப்டிம்மா? சாகமாட்டார்னு கர்த்தர் சொன்னவர, சாகவிடும்னு நாங்க ஜெபிச்சா அது கர்த்தரையே எதுத்துப் பேசறது ஆகாதா?”

“இன்னும் ஒரே வருஷம்தான் சிஸ்டர்,” என்றார் டில்லட்ஸன். “தொண்ணூத்தொண்ணோட எல்லாம் முடியும்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. கர்த்தர் வந்துருவார். ஒரு வருஷம் தாங்கமாட்டாரா?”

“ஒரு ராத்திரி வந்து அவர் பக்கத்துல உக்காருங்க பிரதர். அப்பறம் வருஷத்தப் பத்திப் பேசலாம்.”

பிஷப் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். கைக்குட்டையால் மூக்கைத் துடைப்பதுபோல மூடிக்கொண்டு குனிந்தார்.

“பிரதர் ஸீனஸ், வாக்குத்தத்தத்த உறுதியாப் பிடிச்சிருக்கீங்களா?”

“தாமாரு,” என்றார் ஸீனஸ். “இந்த ஆள வெளிய அனுப்பு.”

பிஷப் திரும்பிவந்து உட்கார்ந்தார். “வலியில பேசறார்,” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அதை எழுத வேண்டாம் என்று அர்த்தம்.

பிறகு டில்லட்ஸன்தான் வழியைக் கண்டுபிடித்தார். வாத்தியார்களுக்கு எந்தக் கணக்குக்கும் விடை வந்தாக வேண்டும்.

“எந்த ஆசீர்வாதமும் சும்மா வர்றதில்ல. உண்மையா நடந்தா நிறைவேறும்னு ஒரு நிபந்தன உண்டு. நிறைவேறலன்னா குறை வாக்குல இல்ல, ஆள்ல. பிரதர் ஸீனஸ் எங்க சறுக்கினார்னு தெரிஞ்சிட்டாப் போதும். வாக்கு நிக்கும், அவரும் போகலாம்.”

ஆக, ஒரு மனுஷன் சாகும் அளவுக்குப் பெரிய பாவமாக ஒன்றைத் தேட ஆரம்பித்தோம்.

“சபை வேண்டாம்னு சொன்ன காப்பியக் குடிப்பார்,” என்றார் டில்லட்ஸன்.

தாமார் கொடுத்த காப்பிக் கோப்பையை ஓவர்கார்ட் மெதுவாக நாற்காலிக்கு அடியில் வைத்தார். “காப்பிக்குச் சாவுன்னா எங்க டேனிஷ் தெரு முழுக்கக் கல்லறையாத்தான் இருக்கணும், வாத்தியாரே. வேற சொல்லுங்க.”

“நம்ம சபையில சேராத வெள்ளிச் சுரங்கத்துப் புறஜாதிக்காரங்களுக்குக் கோதும வித்தார்.”

பிஷப் இருமினார். அந்தச் சுரங்கத்துக் குதிரைகள் யார் வீட்டு ஓட்ஸைத் தின்கின்றன என்று ஊருக்கே தெரியும்.

“சரி, அது வேண்டாம்,” என்றார் வாத்தியார். “கூட்டத்துக்கு ஒழுங்கா வரல. எழுத்தர் பதிவேட்டப் பாத்துச் சொல்லட்டும்.”

புரட்டிப் பார்த்தேன். நாலு பேரில் மூவரைவிட ஸீனஸ் அதிகமாக வந்திருந்தார். மூவரில் நானும் உண்டு. சத்தம் போட்டு வாசிக்கவில்லை.

“ஒரே பொண்டாட்டியோட இருந்துட்டார்,” என்றார் டில்லட்ஸன், சீட்டாட்டத்தில் துருப்பை இறக்குவதுபோல. “ரெண்டாவது கட்டிக்கோன்னு சபை மூணு தடவ சொல்லியும் கேக்கல.”

மூன்று மனைவிகளை வைத்திருந்ததற்காக ஆறு மாதம் மத்திய அரசின் சிறையில் கல்லுடைத்துவிட்டு வந்தவர் பிஷப். இனிமேல் யாரும் இரண்டாம் கல்யாணம் செய்ய வேண்டாம் என்ற தலைமைச் சபையின் அறிவிப்பைப் போன வாரந்தான் கைதூக்கி ஏற்றுக்கொண்டிருந்தோம்.

“அந்தப் பேச்ச எடுக்காதீங்க பிரதர்,” என்றார் பிஷப், களைத்த குரலில். “போன மாசம் வரைக்கும் அது குத்தம். இந்த மாசம் அதுதான் கட்டளை.”

“இங்க இருக்கற யாரும் செய்யாத பாவமாப் பாத்து எடுங்கப்பா,” என்றார் ஓவர்கார்ட். “இல்லன்னா நாமளும் வரிசையா செத்தாகணும்.”

யாரும் சிரிக்கவில்லை. உள்ளே முனகல் உயர்ந்து, உடைந்து, மறுபடி உயர்ந்தது. தாமார் போய்த் துணியை நனைத்துப் போட்டுவிட்டு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை.

“தப்பு ஒண்ணு இருந்தா விட்டுருவீங்களா?”

“பெருசா இருக்கணும்மா,” என்றார் பிஷப்.

“அப்போ மேல வாங்க.”

ஏணி வைத்துப் பரணுக்கு ஏறினோம். பிஷப்பைக் கீழிருந்து தள்ள வேண்டியிருந்தது. காயவைத்த ஆப்பிள் மூட்டைகளைத் தாமார் ஒவ்வொன்றாக நகர்த்தினாள். கடைசியில், சுவரை ஒட்டி, ஒரு சவப்பெட்டி.

பைன் மரம். மூலைகள் ஒன்றோடொன்று கோத்துப் பொருந்தியிருந்தன. மூடியில் கத்தி முனையால் ‘ஸீ.வி. 1861’ என்று செதுக்கியிருந்தது. உள்ளேயும் ஆப்பிள்தான். ஓவர்கார்ட் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “நல்ல வேலை,” என்றார். இரும்பானாலும் மரமானாலும் தொழில்காரர் அல்லவா.

“சாகமாட்டேன்னு வாக்கு வாங்கின மனுஷன்,” என்று டில்லட்ஸன் கிட்டத்தட்ட ஆனந்தமாக ஆரம்பித்தார், “முப்பது வருஷமா சவப்பெட்டி வச்சிருந்திருக்கார்!”

“அறுபத்தொண்ணுல அம்மா செத்தாங்க,” என்றாள் தாமார். “அவங்க பெட்டிக்கு அறுத்த மரத்துல மிச்சம் இருந்துது. அதே மரத்துல தனக்கும் செஞ்சுக்கிட்டாரு. அவங்க பக்கத்துலயே படுக்கணும்னு. யார்கிட்டயும் சொல்லாதன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாரு.”

பிஷப் ஒரு ஆப்பிள் மூட்டைமேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அவர் கெட்டவர் இல்லை. நியாயமாக நடக்க வேண்டும் என்ற வியாதி மட்டும் உண்டு.

“பொறுங்க. பொண்டாட்டிமேல இருந்த பிரியத்துல செஞ்சார்னா அது பாவம் ஆகாது. அப்போ வாக்கு அப்படியே நிக்குது, நாங்க கைவைக்க முடியாது. நம்பிக்கை இல்லாம செஞ்சார்னா, அது வேற. எதும்மா? பிரியமா, அவிசுவாசமா?”

பரணில் தலை நிமிர இடமில்லை. தாமார் கூரையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். கீழிருந்து அவள் அப்பா அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு பேராக இல்லாத ஒரு சத்தம் வந்தது.

“நம்பல,” என்றாள்.

“நல்லா யோசிச்சுச் சொல்லு. இது பதிவேட்டுல ஏறும்.”

“ஒரு நாளும் நம்பல. கோத்திரப்பிதா ஆள் மாத்திச் சொல்லிட்டாருன்னு சிரிப்பாரு. எழுதிக்குங்க.”

ஸீனஸ் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் எழுதினேன். தாமார் கையெழுத்துப் போட்டாள். மூட்டைமேல் பதிவேட்டை வைத்ததால் கையெழுத்து கோணலாக விழுந்திருக்கிறது.

கீழே இறங்கி, நாலு பேரும் அவர் தலையில் கைவைத்தோம். பிஷப் உருக்கமாகவே ஜெபித்தார். அவிசுவாசத்தை மன்னித்து இவரை ஏற்றுக்கொள்ளும் என்றார். ஸீனஸின் உதடுகள் அசைந்து நின்றன. கண் மூடியது. நாலு நாளில் முதல் தூக்கம். தாமார் தரையில் உட்கார்ந்து, நல்ல காலை மட்டும் கட்டிக்கொண்டு அழுதாள். தொப்பிகளை மடியில் வைத்துக்கொண்டு, விளக்கேற்றும் நேரம்வரை காத்திருந்தோம். சுவாசம் மெல்ல மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

“எப்படியும் விடியறதுக்குள்ள,” என்று வாசலில் பிஷப் சொன்னார். திங்கட்கிழமைத் தபால் வண்டி சீக்கிரம் கிளம்பிவிடும் என்பதால், அன்று மாலையே எங்கள் சபைகளின் மாவட்டத் தலைவருக்குக் கடிதம் எழுதவைத்தார். வாக்குத்தத்தம் பிழைபடவில்லை, சகோதரரின் அவிசுவாசத்தால் நிறுத்திவைக்கப்பட்டது, அவர் இன்று சமாதானமாக நித்திரையடைந்தார் என்று எழுதி ஒட்டினேன்.

திங்கட்கிழமை காலை பால் கறக்கும் நேரத்தில் ஸீனஸ் விழித்துக்கொண்டார். அவர் விழித்தது நாலு வீடு தள்ளியிருந்த எனக்கே கேட்டது.

முறைவைத்துப் பக்கத்தில் உட்கார வந்துகொண்டிருந்த சபைப் பெண்கள் சங்கத்துச் சகோதரிகள் அந்த வாரத்தோடு நின்றுவிட்டார்கள். சாகாத மனுஷருக்குச் சூப் கொண்டுவருவது ஊழியம். நம்பாதவருக்கு, அதுவும் சாகாமல் கிடப்பவருக்கு, எத்தனை நாள் கொண்டுவருவது? டில்லட்ஸன் பள்ளிக்கூடத்தில் அவிசுவாசத்தின் பலன் என்று பாடம் நடத்தினார். பிஷப் இரண்டு தடவை வந்து வாசலோடு விசாரித்துப் போனார்.

ஒன்பதாம் நாள் தாமார் என் வீட்டுக்கு வந்தாள். கையிலும் உடையிலும் அந்த வாடை.

“அந்தப் பக்கத்தக் கிழிச்சிருங்க. அவர் நம்பினாருன்னு எழுதுங்க.”

“அப்படி எழுதினா அவர் மறுபடி சாகமுடியாதேம்மா,” என்றேன். எழுத்தரின் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

“இப்ப மட்டும் முடியுதா?”

சபைப் பதிவேட்டில் பக்கம் கிழிக்கக் கூடாது என்று விதி. கிழிக்கவில்லை. மாவட்டத் தலைவரின் இரங்கல் கடிதம் மறுநாள் வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். தாமார் அடுப்பங்கரையில் நின்று பிரித்தாள். உள்ளேயிருந்து அப்பா கூப்பிட்டதால் பாதியில் வைத்துவிட்டுப் போனாள்.

நாங்கள் ஸீனஸ் விட்மோரைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்தது அக்டோபர் பன்னிரண்டாம் தேதி. அவர் செத்தது நவம்பர் இருபத்திரண்டாம் தேதி.