கூறைக் கதிரை

இலட்சுமிப்பிள்ளை நின்றபடியேதான் சாப்பிடுவாள். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, சட்டியிலிருந்து தட்டில் போட்டு, நாலு வாய் அள்ளித் திணித்துவிட்டுக் கையைக் கழுவிவிடுவாள். உப்புக் கூடினாலும் ஒன்றுதான், போடவே மறந்தாலும் ஒன்றுதான். போன வருடம் மட்டக்களப்பில் ஷெல் விழுந்து தங்கச்சி செத்துப்போனாள் என்று தொலைபேசியில் செய்தி வந்த நாளிலிருந்து இப்படித்தான். அவள் அழவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள்தான் கட்டிப்பிடித்து அழுதார்கள். இவள் அவர்களுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். மொன்றியலில் லாசால் பகுதியில் இருக்கிற தமிழ்ச் சனம் அதைப் பற்றி வாய் வலிக்கக் கதைத்தது. அவளுக்கு அதுவும் உறைக்கவில்லை.

அவளுடைய புருசன் ஞானசுந்தரம் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்குகிறவர். அவர் சாப்பிடுவது தொலைக்காட்சிக்கு முன்னால், தட்டை மடியில் வைத்துக்கொண்டு. ஐஸ் ஹொக்கி ஒரு சொட்டும் விளங்காது. ஆனாலும் விடாமல் பார்ப்பார். வீட்டில் யாராவது சத்தம் போடவேண்டாமா?

செத்துப்போன தங்கச்சிக்கு ஒரு மகள். துவாரகா, எட்டு வயது. தகப்பன் முன்னமே இல்லை. ஊரில் தெரிந்த ஒரு குடும்பம் தங்கள் பிள்ளைகளோடு பிள்ளையாக அவளையும் மொன்றியலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தது. வந்த இடத்தில் உண்மை தெரியவர, சிறுவர்களைப் பார்க்கும் அரசாங்கப் பகுதியினர் அவளைப் பொறுப்பெடுத்து ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் விட்டார்கள். சொந்தப் பெரியம்மா இருக்கிறாளே, எங்களிடம் தாருங்கள் என்று கேட்டதற்கு, வீட்டை வந்து பார்த்துத்தான் முடிவு சொல்வோம் என்றார்கள். இடையில் இரண்டு தரம் ஓர் அறையில் வைத்துப் பிள்ளையைக் காட்டினார்கள். பிள்ளையும் பேசவில்லை, பெரியம்மாவும் பேசவில்லை. ஞானசுந்தரம்தான் இரண்டு பேருக்குமாகப் பேசிக் களைத்துப்போனார்.

பிள்ளை இல்லாத வீடு அது. அந்த மனுசன் இரவும் பகலும் அதே நினைப்பாக இருந்தார். இலட்சுமிப்பிள்ளைக்கும் பிள்ளை வேண்டும்தான். ஆனால் அது அவளுடைய தலைக்குத் தெரிந்ததே தவிர, நெஞ்சுக்கு இறங்கவில்லை. வீடு பார்க்க வருகிறவர்கள் சுவரையும் குளியலறையையும் பார்த்துவிட்டுப் போனால் பரவாயில்லை. தன்னைத் திறந்து பார்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று கண்டுபிடித்துவிட்டால்? அந்தப் பயம் ஒன்றுதான் அவளிடம் மிச்சமாக இருந்தது.

ஜூன் மாதம் வந்தவள் றோசா என்கிற பெண். போர்த்துக்கேயக்காரி, கனத்த உடம்பு, வியர்வையைத் துடைத்துத் துடைத்துப் படியேறி வந்தாள். பிள்ளைக்கென்று ஒதுக்கிய அறையைப் பார்த்தாள், நன்று என்றாள். குசினியைப் பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பிள்ளை எங்கே அமர்ந்து சாப்பிடுவாள்?"

ஞானசுந்தரம் சோபாவைப் பார்த்தார். இலட்சுமிப்பிள்ளை அடுப்பைப் பார்த்தாள். றோசா ஒரு மாதம் கழித்து வருகிறேன் என்று போய்விட்டாள்.

"விளங்கிச்சா கா?" என்று மனைவியைக் கேட்டார் ஞானசுந்தரம், கதவைச் சாத்தியதும். "மேசை இல்ல எண்டு பிழை பிடிச்சிட்டாள். இந்த நாட்டுச் சனத்துக்கு வீடெண்டா சாப்பாட்டு மேசைதான். மினுமினுப்பா ஒரு மேசை, நாலு கதிரை."

"ஓம்" என்றாள் இலட்சுமிப்பிள்ளை. எதற்கும் அவள் ஓம்தான்.

மொன்றியலில் ஜூலை முதலாம் திகதி பாதி நகரம் வீடு மாறும். மாறுகிறவர்கள் கொண்டுபோக முடியாததையெல்லாம் நடைபாதையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அன்றைக்கு ஞானசுந்தரமும் மேல்வீட்டு ஆனந்தராசாவும் விடியவே வெளிக்கிட்டார்கள். ஆனந்தராசா யாழ்ப்பாணத்துப் பெடியன், வான் வைத்திருக்கிறவன், தெரியாத விசயம் என்று உலகத்தில் ஒன்றும் இல்லாதவன்.

"அண்ணை, இது மேப்பிள் மரம். பாரத்தைப் பாருங்கோ. விடாதேங்கோ" என்றான்.

பாரம் உண்மைதான். இரண்டு பேரும் முக்கி முனகி அந்த மேசையை வெளிப்படிக்கட்டால் ஏற்றி முடிக்க முதுகு விட்டுப்போயிற்று. மேலெல்லாம் சூடான கோப்பைகள் பதிந்த வெள்ளை வட்டங்கள், ஒரு மூலையில் சிகரெட் சுட்ட கறுப்பு. நாலு கதிரைகளின் இருக்கையும் கிழிந்து பஞ்சு தள்ளிக்கொண்டு நின்றது.

பின்பல்கனியில் வைத்துத்தான் வேலை. ஞானசுந்தரம் வேலையால் வந்ததும் வராததுமாக மண்கடதாசியை எடுத்துத் தேய்க்கத் தொடங்கிவிடுவார். மரத்தூள் மீசையில் படியும். பெயின்றுக்கு நல்லதொரு உபாயம் கண்டுபிடித்திருந்தார்: யாரோ கலக்கச் சொல்லிவிட்டு, நிறம் பிடிக்காமல் கடையிலேயே விட்டுப்போன தகரம் அரை விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். அப்படிக் கிடைத்தது ஒரு பச்சை. ஏன் விட்டுப்போனார்கள் என்பது தகரத்தைத் திறந்தபோது தெரிந்தது. எண்ணெய்ப் பெயின்ற், அதுவும் ஜூலைப் புழுக்கத்தில். காயவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. அவர் விடவில்லை, ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று பூச்சுப் பூசினார்.

இருக்கைகளுக்குப் புதுத் துணி வேண்டும் என்று அவர் சொன்னபோது இலட்சுமிப்பிள்ளை எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தாள். ஒரு சேலையோடு வந்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள். குங்குமச் சிவப்பில் சரிகை போட்ட பட்டு, சரக்கென்று இரண்டாகப் போயிற்று.

ஞானசுந்தரம் கையிலிருந்த தூரிகையைக் கீழே போட்டுவிட்டார். "இஞ்ச! அது கூறையெல்லா! நம்மட கலியாணக் கூறையெல்லா!"

"பட்டு உறுதி. கெதியில கிழியாது" என்றாள் அவள்.

"உனக்கென்ன விசரா புள்ள?"

"பச்சைக்குச் சிவப்புப் பொருந்தும்."

அவள் சொன்னது வேடிக்கைக்கில்லை, கோபத்துக்கும் இல்லை. அளந்து அளந்து வெட்டி, கதிரைக்கொன்றாக நாலு துண்டும் எடுத்து, ஆனந்தராசாவின் பெரிய ஸ்ரேப்ளரால் அடித்து முடித்தாள். அந்தக் கூறையை மணவறைக்குப் போகும்முன் தன் இடுப்பில் கொசுவம் பிடித்துக் குத்திவிட்டவள் தங்கச்சி என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்தது, அவ்வளவுதான். ஞானசுந்தரம் அன்றிரவு தொலைக்காட்சியும் பார்க்கவில்லை.

மேசையை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தபோது, உண்மையைச் சொன்னால், பார்க்க வடிவாகத்தான் இருந்தது. ஆனந்தராசா இறங்கி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"கடையில வாங்கினதெண்டு சொல்லுங்கோ அண்ணை, நம்புவினம். வீடு பாக்கிற மனிசி வாறவரைக்கும் பவுத்திரமா வைச்சிருங்கோ."

இதை ஞானசுந்தரத்துக்குச் சொல்லித் தரவேண்டுமா? தொலைக்காட்சியின் ரிமோட்டுக்கே உறை போட்டு வைத்திருக்கும் மனிதர் அவர். கண்ணாடி மாதிரியான தடித்த பிளாஸ்ரிக் விரிப்பு வாங்கிவந்து, மேசைக்கு மேல் இழுத்து விரித்து, நாலு பக்கமும் அடியில் ஒட்டினார். கதிரைகளுக்கும் அதே மரியாதை. பிறகு தட்டை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். இலட்சுமிப்பிள்ளை அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள். மேசை நடுவீட்டில் பளபளத்துக்கொண்டு கிடந்தது.

ஜூலைக் கடைசியில் றோசா மறுபடியும் படியேறி வந்தாள். ஞானசுந்தரம் இஸ்திரி போட்ட சேட்டோடு காத்திருந்தார். மேசையைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. "அழகாயிருக்கிறது, நீங்களே செய்தீர்களா?" என்றாள். அவருக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. அவளுக்குக் கோப்பி கொண்டுவந்தாள் இலட்சுமிப்பிள்ளை. பிளாஸ்ரிக்கின் மேல் வைத்தால் மரியாதையில்லை என்று நினைத்தாரோ என்னவோ, ஞானசுந்தரம் பாய்ந்துபோய் விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார்.

அது வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தார். பறபறவென்று ஒரு சத்தம். அடியில் காயாமல் கிடந்த பச்சைப் பெயின்ற், பிளாஸ்ரிக்கோடு பாளம் பாளமாக உரிந்து வந்தது. மேசையின் நடுவில் தட்டளவு அகலத்துக்கு வெறும் மரம் பல்லைக் காட்டியது.

றோசா அதைப் பார்த்தாள். பிளாஸ்ரிக் போர்த்த கதிரைகளைப் பார்த்தாள். "இதில் எத்தனை தரம் சாப்பிட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

"ஒரு தரமும் இல்லை!" என்றார் ஞானசுந்தரம். எப்படியாவது மானத்தைக் காப்பாற்றிவிடவேண்டும் அவருக்கு. "ஒருவரும் தொடவில்லை. பிள்ளைக்கென்று புதிதாகவே வைத்திருக்கிறோம்."

றோசா கோப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். பிறகு, மெதுவாக, இருவருக்கும் விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நான் மேசை கேட்கவில்லை. பிள்ளை இப்போது இருக்கிற வீட்டில் பெரிய மேசை இருக்கிறது. சாப்பாடு போட்டதும் பிள்ளை தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள். நின்றபடியே சாப்பிடுகிறாள். அழுவதுமில்லை, கேட்பதுமில்லை. இங்கே வந்தால் யாரோடு இருந்து சாப்பிடுவாள் என்று அறியத்தான் கேட்டேன்."

ஞானசுந்தரம் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாம் போயிற்று என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. றோசா பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். அப்போதுதான் இலட்சுமிப்பிள்ளை தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வாய் திறந்தாள். அந்த வீட்டில் அவளாக ஒன்றைக் கேட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை. பிள்ளையைக் கூட்டி வாருங்கள். சாப்பாடு."

அன்று பின்னேரம் அவளே எல்லாப் பிளாஸ்ரிக்கையும் உரித்தாள். மேசை சொறி பிடித்தது போல் ஆயிற்று. மறுபடி பூசுவோமா என்று ஞானசுந்தரம் கேட்டார். வேண்டாம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை துவாரகா வந்தாள். ஒல்லியான பிள்ளை, நல்ல சப்பாத்து, யாரோ அழகாகப் பின்னிவிட்ட தலை. "பொன்ஜூர்" என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னாள். சோறு, மீன் ஆணம், கீரை. இலட்சுமிப்பிள்ளை பரிமாறினாள். றோசா கதிரையில் இருந்தாள், ஞானசுந்தரம் இருந்தார். பிள்ளை தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக் கதவடிக்குப் போய் நின்றாள்.

இலட்சுமிப்பிள்ளையும் தன் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். பிள்ளைக்கு எதிரே அடுப்போடு சாய்ந்து நின்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளையை அதட்டவும் அவளுக்குத் தோன்றவில்லை, கொஞ்சவும் தோன்றவில்லை. நாலு வாய் ஆனதும் துவாரகா கேட்டாள், தமிழில்.

"நீங்க ஏன் இருக்கல்ல?"

"நீ இருந்தா நானும் இருப்பன்."

பிள்ளை கொஞ்சம் யோசித்தாள். பிறகு போய், கதிரை நுனியில் பட்டும் படாமலும் இருந்தாள். இலட்சுமிப்பிள்ளையும் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். முழங்கால் மடிவதே அவளுக்குப் புதிதாக இருந்தது. துவாரகா பெயின்ற் உரிந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அதை மறைக்கத் தட்டை நகர்த்தினாள். தட்டு சரிந்தது. மீன் ஆணம் முழுவதும் அவள் இருந்த கதிரையில் கொட்டியது. சிவப்புப் பட்டில், சரிகையில், எண்ணெயும் மஞ்சளும் ஊறி இறங்கியது.

"ஐயோ! என்ர கூறை!"

சத்தம் மேல்வீட்டு ஆனந்தராசாவுக்கே கேட்டிருக்கும். "பாத்துத் தின்னன் புள்ள! கண் எங்க வைச்சிருக்கா? உங்கம்மா குத்திவிட்ட கூறை! அவள் குத்திவிட்ட..." வெட்டிய அன்றைக்கு வலிக்காதது இப்போது வலித்தது. கத்தரிக்கோல் போன வழியெல்லாம் வலித்தது. நனைந்த பட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இலட்சுமிப்பிள்ளை ஓலம் வைத்து அழுதாள்.

ஞானசுந்தரம் வெளிறிப்போனார். அரசாங்கத்து ஆளுக்கு முன்னால் பிள்ளையை ஏசியாயிற்று. இனி என்ன இருக்கிறது? "அவள் கெட்டவள் இல்லை" என்று றோசாவிடம் ஆங்கிலத்தில் தொடங்கினார். றோசா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

துவாரகா பெரியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் இப்படி ஏசி ஒரு வருடம் ஆகியிருந்தது. எல்லோரும் மெதுவாக, பிரெஞ்சில், சிரித்துச் சிரித்துப் பேசியிருந்தார்கள். பிள்ளையின் கீழுதடு பிதுங்கியது. "அம்மா" என்றாள். பிறகு அவளும் வாயைத் திறந்து, வெட்கமில்லாமல், சின்னப் பிள்ளையைப் போலவே அழத் தொடங்கினாள்.

நனைந்த கதிரையை விட்டு அவள் எழும்பவில்லை.