ஒரு பாட்டில் பெட்ரோல்

தங்கம் பெட்ரோல் பாட்டிலை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தாள். யுத்தம் தொடங்கியதிலிருந்து கூப்பன் இல்லாமல் பெட்ரோல் கிடையாது. அடுத்த கூப்பனுக்கு ஒன்பது நாள் இருந்தது. செடிகளுக்கு அவ்வளவு நாள் இல்லை. பேகம்பேட்டைத் தாண்டி, ஓடையோரம் அவள் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் பதினொரு பாத்தி கத்தரி பூ விட்டு நின்றது. மே மாத வெயில். தண்ணீர் பாய்ச்சி ஆறு நாள் ஆகிவிட்டது. இன்று பாய்ந்தால் காய் பிடிக்கும். இல்லையென்றால் பூ உதிரும்.

அவள் புருஷன் துரைராஜ் சிக்கந்தராபாத் லாலாகுடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். உடைப்புக்குப் போன காரின் இஞ்சினை இரண்டு சக்கர டிரெய்லரில் ஏற்றி, பெல்ட் போட்டுப் பம்புடன் இணைத்தவன் அவன்தான். மாடுகள் இழுத்துப்போகும், எந்தக் கிணற்றோரமும் நிறுத்தலாம். ஓடுவது மண்ணெண்ணெயில். ஆனால் ஆறின இஞ்சின் மண்ணெண்ணெயில் கிளம்பாது. பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் குழாய்த் திருகை மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்தும்போதும் ஒரு நிமிஷம் பெட்ரோலில் ஓடவிட்டு, உள்ளே நிற்கும் மண்ணெண்ணெய் எரிந்து தீர்ந்த பிறகு நிறுத்த வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் மறுபடி கிளப்ப ஒரு பாட்டிலாவது கேட்கும். இதை துரைராஜே அவளுக்கு நூறு தரம் சொல்லியிருக்கிறான்.

அன்று அவனுக்கு லீவு. காலையில் பாட்டிலில் இரண்டு விரல் மிச்சம் வைத்துக் கிளப்பினான். அந்த இரண்டு விரல் நிறுத்துவதற்கு. நாலு பாத்தி நிறைந்து, ஐந்தாவதின் மடையைத் தங்கம் வெட்டியபோது கார் வந்தது.

சர்க்கார் அதிகாரி ஒருவர். கூட ஒரு போட்டோக்காரனும் டிரைவரும். வண்டிப் பாதையில் நேராக வந்து, கிணற்றைக் கடந்து, பாதை முடியும் புளியமரத்து நிழலில் காரை நிறுத்தினார்கள். இறங்கியதும் அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார். ஏதோ சொன்னார். இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை.

துரைராஜ் இஞ்சினை அணைத்தான்.

திருகை மாற்றவில்லை. ஒரு நிமிஷம் காத்திருக்கவில்லை. பெரிய மனிதர் பேசுகிறார், இவன் காதில் விழவில்லை. அந்த மரியாதைக்குறைவை அவனால் தாங்க முடியவில்லை. அப்படியே அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஓடினான்.

தங்கம் மண்வெட்டியோடு நின்றாள். மடையில் வந்துகொண்டிருந்த தண்ணீர் மெலிந்து, ஈரமாகி, நின்றது.

அதிகாரிக்குப் படம் வேண்டும். யுத்த காலத்தில் விளைச்சலைப் பெருக்க வயலுக்கு வயல் போகும் பம்பு என்று போட வேண்டுமாம். கிணற்றடியில் வெளிச்சம் போதாது என்றான் போட்டோக்காரன். குழாய்களைக் கழற்றினார்கள். மாடு பூட்டி டிரெய்லரைப் பாதை நடுவுக்கு இழுத்து வந்தார்கள். அதிகாரி இஞ்சின் மேல் கை வைத்து நின்றார். துரைராஜைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். தங்கத்தை இன்னும் தள்ளி. ஒன்றரை மணி நேரம். மாட்டின் தலை அசைந்தது என்று மறுபடி எடுத்தார்கள்.

"இப்ப ஓட்டிக் காட்டு," என்றார் அதிகாரி, உருதுவில்.

துரைராஜ் அந்த இரண்டு விரலையும் ஊற்றினான். கைப்பிடியைச் சுற்றினான். இஞ்சின் இருமியது. மறுபடி சுற்றினான். இருமவும் இல்லை. பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தான்.

"கிருஷ்ணாயிலோட நிறுத்திட்ட," என்றாள் தங்கம்.

"பெரியவங்க வந்திருக்காங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

"பண்ணிட்டியே. இன்னும் இன்னா பண்ணணும்?"

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பரவாயில்லை, படம் கிடைத்துவிட்டது என்றார். பம்பு நன்றாக இருக்கிறது என்றார். காரை நோக்கி நடந்தார்.

தங்கம் காய்ந்த பாத்திகளைப் பார்த்தாள். ஏழு பாத்தி. நாற்று வாங்க லாலாகுடாவுக்கும் ஓடைக்கும் எத்தனை நடை நடந்தாள் என்று இந்த ஆளுக்குத் தெரியுமா. தெரிய வேண்டாம். தண்ணீர் போய்க்கொண்டிருந்ததே, அதையாவது கண் பார்க்கவில்லையா.

அவள் மாடுகளிடம் போனாள். நுகத்திலிருந்து இரண்டையும் அவிழ்த்தாள். டிரெய்லரின் ஏர்க்கால் தரையில் மோதியது. மாடுகளைப் பிடித்துக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தாள்.

"ஏ தங்கம், எங்கடி?"

"மாட்டுக்காவது தண்ணி காட்டறேன்."

கார் உறுமிக்கொண்டு வந்து டிரெய்லருக்கு முன்னால் நின்றது. இடப் பக்கம் ஓடைச் சரிவு. வலப் பக்கம் காலையில் நனைந்த நாலு பாத்தி. டிரைவர் உலகநாதன் இறங்கி அந்த ஈரத்தை மிதித்துப் பார்த்தான். கணுக்கால் வரை உள்ளே போயிற்று. அவன் சிக்கந்தராபாத் தமிழன்.

"நக்கோ ஸாப், புதைஞ்சிரும்," என்று தலையாட்டினான்.

நாலு பேரும் டிரெய்லரைத் தள்ளினார்கள். அது ஒரு சாண் கூட நகரவில்லை. இஞ்சினுக்குக் கீழே துரைராஜ் தண்டவாளத் துண்டைப் பொருத்தியிருந்தான், ஆடக் கூடாதென்று.

உலகநாதன் ஓடைக்கு வந்தான். "அக்கா, மாட்டைக் கொண்டாங்க. ஸாப் பொறப்படணும்."

"கொண்டாறேன். உன் காருல பெட்ரோல் இருக்குதா?"

"இருக்கு."

"எம்மாம்?"

"டாங்கி நெறைய."

"ஒரு பாட்டில் எடுத்துட்டு வா. மாடு வரும்."

அவன் சிரித்துவிட்டான். உடனே திரும்பிப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். "சர்க்கார் பெட்ரோல் அக்கா. சொட்டுக் கொடுத்தாலும் என் வேலை போயிரும்."

"உன்னைக் கேக்கல. அவரக் கேளு."

அவன் போய்ச் சொன்னான். அதிகாரியே வரப்பில் நடந்து வந்தார், பின்னால் துரைராஜ். அவர் முகம் வியர்த்திருந்தது. எட்டு வருஷமாக இந்த ஊரில் கறிகாய் விற்கிறவளுக்கு அவர் உருதுவில் சொன்னது புரிந்தது. சர்க்கார் பெட்ரோலை வயலுக்குக் கொடுப்பது குற்றம். வழியை மறிப்பது அதைவிடக் குற்றம். அடுத்த மாசம் கூப்பன் வராது.

"கூப்பன் வராட்டி போவுது," என்றாள் தங்கம் தமிழிலேயே, துரைராஜைப் பார்த்து. "நீ சொல்லு அவருக்கு. எம் பம்பு ஓடிட்டிருந்திச்சு. இவருக்குப் பேசணும்னு நின்னுச்சு. இவரு படத்துக்காக ரோட்டுல நிக்குது. நகத்தணும்னா மாடு வேணும். மாட்டுக்கு இப்ப தாகம்."

"மானத்தை வாங்காதடி."

"மானமா? அவரு பக்கத்துல நிக்கக்கூட உன்னை விடல. நீ செஞ்ச பம்பு அது."

துரைராஜ் தரையைப் பார்த்தான். பிறகு மூன்று வாக்கியமாக, உருதுவில், அவள் சொன்னதையெல்லாம் சொன்னான். மாட்டுக்குத் தாகம் என்பதையும் விடவில்லை.

"உன் வீட்டில் அதிகாரம் இவளோடதா?" என்றார் அதிகாரி.

"ஹவ் ஸாப்," என்று ஆமோதித்தான் துரைராஜ்.

மாடுகள் உறிஞ்சிக் குடிக்கும் சத்தம் கேட்டது. அதிகாரி மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். பேகம்பேட்டில் யாரோ காத்திருக்க வேண்டும். உலகநாதனைப் பார்த்து விரலை அசைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

உலகநாதன் ரப்பர் குழாயை டாங்கியில் விட்டு வாயால் இழுத்தான், துப்பினான், பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பினான். தங்கம் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மூக்கருகே வைத்தாள். மூடியை இறுக்கிக் கையில் வைத்துக்கொண்ட பிறகுதான் மாடுகளை ஓட்டி வந்தாள்.

டிரெய்லர் கிணற்றடிக்குப் போனதும் கார் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று. உலகநாதன் மட்டும் ஹாரனை ஒரு தரம் அடித்தான்.

துரைராஜ் உள்ளே நின்ற மண்ணெண்ணெயை வடித்தான். குழாய்களை மாட்டினான். பம்பின் வாயில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினான். பாட்டிலுக்குக் கை நீட்டினான்.

தங்கம் கொடுக்கவில்லை. தானே ஊற்றினாள், மூன்று விரல் மிச்சம் வைத்து. நாலாவது சுற்றில் இஞ்சின் பிடித்தது.

மடைகளை அவளே வெட்டினாள், அவளே அடைத்தாள். ஐந்து, ஆறு, ஏழு. அவன் ஏதோ சொல்ல வந்தான். சத்தத்தில் கேட்கவில்லை. இஞ்சினை அணைத்துவிட்டுச் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை.

வெயில் சாய்ந்தபோது பதினோராவது பாத்தி நிறைந்தது. துரைராஜ் இஞ்சினை நோக்கி எழுந்தான்.

"தொடாத," என்றாள்.

சேற்றுக் கையோடு வந்து மிச்ச பெட்ரோலை ஊற்றினாள். திருகை மாற்றினாள். இடுப்பில் கை வைத்து, அவனைப் பார்த்துக்கொண்டே, அறுபது எண்ணினாள். பிறகு அணைத்தாள்.