நீல டேப்புக்கு உள்ளே

மூச்சைப் பிடித்துக்கொண்டு கைபேசியையே பார்த்தாள் பெரியவள். பதினைந்து என்றிருந்த எண் பன்னிரண்டானது, ஒன்பதானது, ஆறானது. நெஞ்சு வெடித்துவிடும்போல் இருக்கவே வாயைத் திறந்து காற்றை இழுத்தாள். எண் மறுபடி ஏறியது.

அப்படியானால் இவ்வளவு நேரமும் அந்தக் கருவி எண்ணியது அவள் மூச்சைத்தான். கட்டிலில் அப்பாவின் கை சில்லிட்டுக் கிடந்தது. மெத்தை ஓரத்தில் தலைசாய்த்து அவள் கண்ணயர்ந்த நேரத்தில், மனுஷன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்.

சுவரில் இருந்த வெள்ளைப் பெட்டி தம்பியின் உபயம். அவன் வேலை பார்க்கும் இடத்தில் செய்கிறார்கள். ராடார் அலையை அனுப்பி, நெஞ்சு ஏறி இறங்குவதைத் தொடாமலே கண்டுபிடித்து, நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று இருவர் கைபேசிக்கும் சொல்லும். அப்பா நாற்பது வருஷம் பஸ் ஓட்டியவர். உடம்பில் ஒட்டிய ஒயரையெல்லாம் பிய்த்துப் போட்டு, "சுத்தி விடுறதுக்கு நான் என்ன போஸ்ட் கம்பமாடா?" என்று கேட்டவர். அவருக்கு இதுதான் சரிப்பட்டது.

ஆனால் திரைச்சீலை ஆடினால் அதையும் மூச்சென்று எண்ணிவிடும் அந்தப் பெட்டி. அதனால் ஜன்னலைச் சாத்தி, திரையைக் கயிறு போட்டுக் கட்டி, மின்விசிறியையும் நிறுத்தினான் தம்பி. கட்டிலைச் சுற்றித் தரையில் நீல டேப் ஒட்டினான். "உள்ளே உக்காந்தா உன்னை எண்ணிடும்க்கா. வேலை முடிஞ்சதும் வெளியே வந்துடு" என்று படித்துப் படித்துச் சொன்னான். சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு ஊருக்குப் போய்விட்டான். மூன்று மாதமாக அந்த அறையில் புழுங்கியது யார்? அவள்தான்.

கைபேசி அடித்தது.

"என்னக்கா, திடீர்னு ஆறுக்கு எறங்குச்சு?"

அப்பாவுக்கு முடியவில்லை என்று காலையில் அவள் சொன்னதும், தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தான் தம்பி. சொல்ல வாயெடுத்தவளுக்கு அம்மா செத்த நாள் நினைவுக்கு வந்தது. அன்றும் இப்படித்தான் வந்துகொண்டிருந்தான். அவள்தான் போனில் சொன்னாள். பத்தாவது நிமிஷம் சாலை நடுச்சுவரில் கொண்டுபோய் இடித்தான். அம்மாவை எடுக்கும்போது அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். இன்றும் இடது காலை இழுத்துத்தான் நடக்கிறான்.

"இப்போ எவ்வளவு காட்டுது?" என்றாள்.

"பதினாறு."

"அப்புறம் என்ன? ரோட்டைப் பாத்து ஓட்டு."

"இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும். அவரை விட்டு நகராதே."

"நகரலை. போனை வை."

நாற்காலியை டேப்புக்கு உள்ளே நன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவன் கண்ணுக்கு எதிரேதான் காரில் அந்த எண் இருக்கும். அவள் எழுந்தால் அது பூஜ்யமாகிவிடும்.

உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் வியர்வை வழிந்தது. வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டுக்காரி இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். கால் மரத்தது. நல்லவேளை, அப்பாவின் கண்கள் மூடியிருந்தன. காலையில் விரிப்பு மாற்றும்போது, "எனக்கு என்னைக்குத்தான் விடுதலையோ" என்று முணுமுணுத்திருந்தாள். அவர் காதில் விழுந்திருக்கும். விழாமல் எங்கே போகும்? திரும்பிப் படுத்துக்கொண்டார். சொன்னதை இனித் திரும்ப எடுக்க முடியாது. தாங்க முடியவில்லை. குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

உடனே போன்.

"அக்கா, இருபத்தெட்டு காட்டுது. என்ன பண்றாரு?"

முந்தானையை வாயில் திணித்து அழுகையை அடக்கிவிட்டுப் போனை எடுத்தாள்.

"இருமினாரு. அடங்கிடுச்சு."

"உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"தண்ணி குடிச்சேன், புரையேறிடுச்சு. மெதுவா வாடா."

பெற்ற அப்பனுக்கு அழக்கூட முடியவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணி இழுத்தாள், எண்ணி விட்டாள். இருபது. பதினெட்டு. பதினாறு. அதற்குப் பிறகு அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, எண்ணை மட்டும் பார்த்தாள்.

சாவி திரும்பியது. காலை இழுத்துக்கொண்டு தம்பி அறைக்குள் வந்தான். கையில் கைபேசி, முகத்தில் பெரிய நிம்மதி.

"அப்பாடா. பதினஞ்சு. நான் பயந்தே..."

பழக்கத்தில் டேப்புக்கு வெளியே நின்றுவிட்டான். அவன் பார்வை தரைக்கு இறங்கியது. நாற்காலியின் நான்கு கால்களும் கோட்டுக்கு உள்ளே இருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்போலேர்ந்துக்கா இங்கே உக்காந்திருக்கே?"

"நீ மொதல் தடவை போன் பண்ணினியே, அதுக்கு முன்னாடியே."

அவன் கோட்டைத் தாண்டி வந்து அப்பாவின் நெற்றியில் கை வைத்தான். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. அவள் அப்போதும் எண்ணி எண்ணித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அவன் கைபேசியை அணைத்து ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்தான்.

"இனிமே அழலாம்க்கா" என்றான்.

திரையின் கயிற்றை அவிழ்த்து, ஜன்னலைத் திறந்து, மின்விசிறியைப் போட்டான். மூன்று மாதத் தூசியைக் கொட்டிவிட்டு அது மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. திரைச்சீலை ஆடியது.