ரேடியோவுக்குப் போட்ட மதிப்பெண்

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஓர் ஊழியரைத் துரத்த வேண்டுமென்றால் திட்ட மாட்டார்கள். ஆண்டு மதிப்பீட்டில் 'மிகச் சிறப்பு' என்று எழுதிவிடுவார்கள். அதை வாங்கியவருக்குப் பதவி உயர்வு, கூடவே வேறு வளாகத்துக்கு மாற்றல். தலைவலி அடுத்தவர் தலைக்குப் போய்விடும். மட்டமான மதிப்பெண் வாங்கியவர் இருந்த இடத்திலேயே இருப்பார். இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ!

நாங்கள் ரேடியோ என்று பட்டப்பெயர் வைத்த ஊழியரும் அப்படித்தான் நான் மேற்பார்க்கும் தேர்வுப் பிரிவுக்கு வந்து என் தலையில் விழுந்தார். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் மாலை வரை வாய் ஓயாது. வேதியியல் விடைத்தாள் கட்டை வரலாற்றுத் துறைக்கு அனுப்பிவிட்டு, அதைத் திருப்பி வாங்கப் போன இடத்திலும் அரட்டை அடித்துக்கொண்டிருப்பார். இன்னும் இரண்டு 'மிகச் சிறப்பு' வாங்கினால் எனக்கே மேலதிகாரியாகிவிடுவார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். என் புலம்பலைக் கேட்டுக் காது புளித்துப்போன கணவர், நீயும் அதையே எழுதித் தொலைத்துவிடேன் என்றார். எனக்கும் சரியென்று பட்டது.

மதிப்பீட்டு நாளன்று ரேடியோவை அறைக்கு அழைத்துத் தேன் ஒழுகப் பேசினேன். எல்லாவற்றிலும் முழு மதிப்பெண், அடுத்த மாதம் ஆற்றங்கரை வளாகம், வாழ்த்துகள் என்றேன். மனிதர் வாயே திறக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"நான் அவ்ளோ மோசமா மேடம்?" என்றார் கடைசியில்.

சுருக்கென்றது. போன இடமெல்லாம் அவரை இப்படித்தான் வழியனுப்பினார்களாம். ஒவ்வொரு முறையும் வீடு மாற்றி, மகளுக்குப் பள்ளி மாற்றி அலைந்திருக்கிறார். அவள் இப்போது பள்ளியின் கடைசி வகுப்பு. இங்கேதான் முதன்முதலாக அவளுக்கென்று தோழிகள் வாய்த்திருக்கிறார்கள். இந்த ஒரு வருடமாவது அசையாமல் இருந்தால் போதும் என்றார்.

"என்ன தப்புன்னு யாராவது திட்டியிருந்தா திருத்திக்கிட்டிருப்பேன். யாருமே திட்டல மேடம்."

திட்டுவதற்கா இங்கே ஆள் இல்லை? எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுப் படிவம் எடுத்தேன். ஒரு வருடமாக அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். ஒழுங்கு, கவனம், வேகம், எல்லாவற்றுக்கும் அடிமட்ட மதிப்பெண். ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. மறுகூட்டல் கவுன்ட்டருக்கு அழுதுகொண்டு வரும் மாணவர்களை இவர் பேசியே சிரிக்க வைத்து அனுப்புவார். அதற்கு மட்டும் முழுசாகப் போட்டேன். நாளை முதல் விடைத்தாள் கட்டைத் தொடவே கூடாது, கவுன்ட்டர்தான் உங்கள் இடம் என்றேன். இந்த மதிப்பெண்ணுக்குப் பதவி உயர்வு இப்போதைக்குக் கிடைக்காது என்றும் எச்சரித்தேன். தலையை ஆட்டி ஆட்டிக் கையெழுத்துப் போட்டார்.

என் எதிரிலேயே மனைவிக்குப் போன் செய்தார்.

"மார்க்கு ரொம்பக் கம்மி. ஆமா, நெஜமாத்தான். புள்ளைகிட்ட சொல்லு, நாம எங்கயும் போகல."

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். மகள் அம்மாவிடமிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாளாம், என்னிடம் பேச வேண்டுமாம். வாங்கிக் காதில் வைத்தேன். அப்பாவுக்குத் தப்பாத பெண். நன்றி சொல்ல ஆரம்பித்து, தோழிகள் ஒவ்வொருத்தியைப் பற்றியும் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். என்னை ஒரு வார்த்தை பேச விடவில்லை. நானும் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.